கோபுரம் தெரியும் வீடு

கண்ணாடிக்காரரின் கடையில் ஒரு சட்டம் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரிலுள்ள எழுத்துப் பலகையைப் பார்ப்பவர் "தெரியுது" என்று சொன்னால் அதோடு விடமாட்டார்கள். "என்ன தெரியுது, படிங்க" என்பார்கள். கடையைத் தொடங்கிய தாத்தா போட்ட சட்டம் அது. மனிதர்கள் மரியாதைக்காகவும், வெட்கத்துக்காகவும், சீக்கிரம் வீடு போய்ச் சேரவும் "தெரியுது" என்று சொல்லக்கூடியவர்கள் என்பதைத் தொழிலுக்கு வந்த புதிதிலேயே அவர் கண்டுகொண்டார்.

அப்பா காலத்தில் ஒரு நீதிபதி வந்து உட்கார்ந்து, கடைசி வரி தெரிகிறது என்று தீர்ப்பு வாசிப்பதுபோல் சொன்னாராம். அப்பா படிக்கச் சொன்னார். நீதிபதி எழுந்து போய்விட்டார். மறுநாள் தாமே திரும்பி வந்து, "தெரியலை" என்று மெல்லச் சொல்லிக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனார். இந்தக் கதையை மூன்றாம் தலைமுறைக் கண்ணாடிக்காரர், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தக் குடும்பத்துக்கு நிலபுலன் கிடையாது. இந்தக் கதைதான் சொத்து.

அப்படிப்பட்ட குடும்பத்தின் தலைவர், ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைப் பாதி திறந்து, வாயைப் பிளந்துகொண்டு சம்பந்தி வீட்டுக் கூடத்தில் வெகுநேரம் காட்சி தந்தால் மானம் எங்கே போய் நிற்கும்?

நடந்தது இதுதான். அவருடைய மகளுக்கு வெளிநாட்டில் ஒரு வரன் அமைந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா பழைய மனிதர். படத்தைப் பார்த்துச் சம்பந்தம் பேசுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு குடும்பமும் முகம் பார்த்துப் பேச வேண்டும், கடல் தாண்டி வர இப்போது வசதிப்படாது, திரை வழியாகவாவது பேசலாம் என்றார். பேசினார்கள். கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்த தொலைபேசிக் கம்பி அவருடைய அப்பா காலத்தது. அதன் வழியாக இணையம் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். வணக்கம் சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரர் தும்முவதற்குத் தயாரான அந்த நொடியில் படம் உறைந்துவிட்டது. இவர் தும்மி முடித்து, மூக்கைத் துடைத்து, குடும்பப் பெருமையை முழுக்க எடுத்துரைத்தார். அங்கே தெரிந்ததெல்லாம் தும்மாத தும்மல் ஒன்றுதான். பெண்ணின் அப்பாவுக்கு முகம் எப்போதுமே இப்படித்தானா என்று மாப்பிள்ளையின் பெரியப்பா விசாரித்ததாகப் பிறகு தகவல் வந்தது.

அன்று முதல் கண்ணாடிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த பேச்சு முடிவான பேச்சு. அதிலும் படம் உறைந்தால் வரன் கையைவிட்டுப் போகும் என்று அவர் மனைவி சொன்னாள். வரன் போனாலும் பரவாயில்லை, அந்த முகம் அங்கேயே நின்றுவிடுமே என்பதுதான் அவர் கவலை.

அந்த நேரம் பார்த்துத்தான் நெடுந்தூரக் கம்பியில்லா இணைய இயக்ககத்தின் அறிவிப்பு ஊரெங்கும் ஒட்டப்பட்டது. ஊருக்கு வெளியே மேட்டின் மேல் ஒரே ஒரு கோபுரம். அதிலிருந்து புறப்படும் அலை, கம்பியே இல்லாமல் சுற்றுவட்டாரம் முழுக்கப் பாயும். குழி தோண்ட வேண்டாம், கம்பி இழுக்க வேண்டாம், கூரையில் ஒரு சின்னத் தட்டு வைத்தால் போதும். கண்ணாடிக்காரர் சட்டையைச் சலவை மடிப்பு கலையாமல் போட்டுக்கொண்டு இயக்ககத்துக்குப் போனார்.

இயக்ககம் அவருடைய கடையும் வீடும் இருந்த தெருவின் கோடியில், ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. புதுத் தலைமையகம் கட்டி முடியும்வரை தற்காலிகமாக. இயக்குநரின் அறையில் ஊரின் வரைபடம் மாட்டியிருந்தது. கோபுரத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக வண்ணம் தீட்டியிருந்தார்கள். கண்ணாடிக்காரரின் தெரு மிக அடர்ந்த சிவப்பில் இருந்தது. அடர்ந்த சிவப்பு என்றால் அலை அங்கே குளம்போல் தேங்கி நிற்கும் என்று பொருளாம்.

இயக்குநர் கனிவான மனிதர். எதிரில் இருப்பவர் ஒருவரே ஆனாலும் அரங்கத்தைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு.

"ஐயா, இந்த ஊர்ல பெரும்பாலான வீட்டுக்கு நல்ல இணைப்பே கிடையாது," என்றார், மகனின் மதிப்பெண்ணைச் சொல்கிற தகப்பனைப்போல. "இது எவ்வளவு பெரிய வாய்ப்பு தெரியுமா? முன்னேறின நாட்டுக்காரங்க இந்த வாய்ப்பை எல்லாம் தொலைச்சுட்டாங்க. எல்லாருக்கும் இணைப்பைக் கொடுத்துட்டு இப்ப முழிக்கிறாங்க. நாங்க மட்டும் இதைக் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்திட்டு வர்றோம்."

கண்ணாடிக்காரர் தம் வீட்டுக்கு இணைப்பு எப்போது கிடைக்கும் என்று கேட்டார். இயக்குநர் முகம் வாடியது. கொடுத்துவிட்டால் அப்புறம் வாய்ப்பு எங்கே இருக்கும் என்று கேட்பவர்போல் வரைபடத்தைப் பார்த்தார். ஆனாலும் மேலிடத்திலிருந்து மாதிரிக்கு ஒரு வாடிக்கையாளரையாவது காட்டச் சொல்லி நெருக்கடி வந்திருந்தது. சலவைச் சட்டை, மூன்று தலைமுறைக் கடை, பெயர் கெடாத குடும்பம். இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது என்று தீர்மானித்து, அங்கேயே அவருக்குக் கை கொடுத்தார்.

கண்ணாடிக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். படியிறங்கும்போது ஒரு கம்பி, இயக்ககத்தின் ஜன்னலிலிருந்து தெருவுக்குக் குறுக்கே ஓடி, தம் கடை வாசலைத் தாண்டி ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் போவதைக் கவனித்தார். என்ன என்று கடைக்காரரிடம் விசாரித்தார். மேலே அதிகாரிகள் மின்னஞ்சல் பார்ப்பதற்கு இங்கிருந்துதான் இணையம் போகிறது என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். கண்ணாடிக்காரருக்குக் கொஞ்சம் நெருடியது. ஆனால் காலையில் புறப்படும்போதே, இணைப்போடுதான் திரும்புவேன் என்று தம் எதிர்க்கடை சலூன்காரரிடம் சொல்லியாகிவிட்டது. அவரிடம் சொன்னது ஊருக்குச் சொன்ன மாதிரி. சம்பந்திக்கும் தொலைபேசியில் சொன்னார்: அடுத்த தடவை எங்கள் வீட்டு இணைப்பு காற்றிலேயே வரும், முகத்தில் ஒரு ரோமம் அசைந்தாலும் உங்களுக்குத் தெரியும்.

சொன்ன சொல் சொன்னதுதான். அந்த வீட்டில் சொல்லைத் திரும்ப வாங்கும் வழக்கம் இல்லை.

சில நாள் கழித்து நேர்ப்பார்வை அலுவலர் பரிவாரத்தோடு வந்தார். இந்த அலைக்கு ஒரு குணம்: கோபுரத்துக்கும் கூரைக்கும் நடுவில் எதுவும் குறுக்கே நிற்கக்கூடாது. வீட்டு மாடியில் நின்றால் கோபுரம் கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும். தெரிகிறதா என்று பார்ப்பதற்கென்றே ஓர் அலுவலர். அவர் பார்த்ததைப் பார்ப்பதற்கு ஒரு துணை அலுவலர். மனைவி உலர்த்தியிருந்த துணிகளை விலக்கிக்கொண்டு மூவரும் மாடியில் நின்றார்கள். அலுவலர் இருகண் தொலைநோக்கியை எடுத்து மேட்டுப் பக்கம் திருப்பி, நெடுநேரம் பார்த்தார்.

"கோபுரம் நல்லா தெரியுது," என்றார். துணை அலுவலரும் வாங்கிப் பார்த்து, மிக நன்றாகத் தெரிவதாகச் சொன்னார்.

கண்ணாடிக்காரர் தயங்கினார். பிறகு, தொழில் பழக்கத்தை அடக்க முடியாமல், தொலைநோக்கியின் முன்பக்கத்து மூடிகளைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.

அலுவலர் கோபப்படவில்லை. மறுபடி பார்த்தார். இந்தத் தடவை கோபுரம் தெரியவில்லை. அதன் குறுக்கே, சாரம் கட்டிய ஒரு பெரிய கட்டடம் பாதி வளர்ந்து நின்றது.

"இது யாருடைய கட்டடம்? அனுமதி வாங்கிக் கட்டுறாங்களா?" என்று கேட்டார் அலுவலர்.

"உங்களோடதுதாங்க," என்றார் கண்ணாடிக்காரர். "இயக்ககத்தோட புதுத் தலைமையகம்."

அலுவலர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப கவலையே இல்லை. ஒரே துறை. நம்மை நாமே மறைச்சுப்போமா?"

அலை சுவரைப் பார்த்து, இது நம் சுவர்தான் என்று உள்ளே புகுந்து போகும் போலிருக்கிறது என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார். பெரிய படிப்புப் படித்தவர்கள் சொல்கிறார்கள். நமக்கு மூக்கோடு முடிகிற தொழில்.

ஆனால் தட்டு வைத்த பிறகும் அலை வரவில்லை. இயக்ககத்தில் கூடிப் பேசினார்கள். வீடு உயரம் போதாது என்பது முடிவு. குறை வீட்டின் மேல்தான் என்று கேட்டதும் கண்ணாடிக்காரருக்கு முகம் சிவந்தது. தாத்தா கட்டிய வீடு. ஆனாலும் கூரையில் ஓர் இரும்புக் கம்பம் நட்டு, அதன் உச்சியில் தட்டை ஏற்ற ஒப்புக்கொண்டார். தலைமையகத்தின் தலைக்கு மேலே கம்பம் எட்டிப் பார்த்தது. கண்ணாடிக்காரர் நிம்மதியாகத் தூங்கினார்.

கம்பம் நட்டதால் இயக்ககத்தில் கம்பக் கண்காணிப்புப் பிரிவு என்று ஒன்று பிறந்தது. பிரிவு பிறந்தால் அதற்கு அறை வேண்டும். அறைக்கு இடம் வேண்டும். ஆகவே புதுத் தலைமையகத்தில் இன்னொரு மாடி எழும்பியது. கம்பம் மறைந்தது. கம்பத்தை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினார்கள்; காற்றில் ஆடாமல் இருக்க அக்கம்பக்கத்து வீட்டுச் சுவர்களில் எல்லாம் கயிறு கட்டினார்கள். கம்பத்தை உயர்த்தியதை ஆராயக் கம்ப நீட்டிப்புப் பிரிவு வந்தது. அதற்கும் மாடி.

"உங்க தாத்தா ஊர்க்காரங்க மூக்கு மேல கண்ணாடி வச்சார்," என்றாள் மனைவி, கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடி. "நீங்க வீட்டு மேல கொம்பு வச்சிருக்கீங்க."

சலூன்காரர் தினமும் காலையில் கடை திறக்கும்போது ஒரு தடவை குரல் கொடுப்பார். "என்ன அண்ணே, காத்துல ஏதாச்சும் வந்துதா?" தூசிதான் வருகிறது என்று ஒருநாள் உண்மையைச் சொல்லிவிடலாம்போல் இருந்தது. ஆனால் ஊரெல்லாம் சொல்லி வைத்தவர் அவர். தலைமையகம் உயர உயர, அவர் தலையும் அதற்குப் போட்டியாக நிமிர்ந்தது. வரும், வரும் என்றார்.

சம்பந்தி வீட்டோடு முடிவான பேச்சுக்கு நாள் குறித்தார்கள். அந்தச் செய்தி இயக்குநர் காதுக்கு எட்டியதும் அவர் ஓடி வந்தார். அதே நாளில்தான் திட்டத்தின் தொடக்க விழா. இரண்டு குடும்பங்கள் கம்பியில்லா அலையில் சந்திக்கும் காட்சியை மேடையில் பெரிய திரையில் ஊருக்கே காட்டலாம். கடை வாசலிலேயே பந்தல் போடலாம் என்றார். வீட்டுப் பேச்சு வீதிக்கு வருவதா என்று கண்ணாடிக்காரர் முறைத்தார். ஆனால் விழா நடந்தால் அன்றைக்காவது அலையை எப்படியும் வரவழைத்துவிடுவார்கள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டார். அதிகாரிகள் தங்கள் மானத்தையும் பணயம் வைக்கிறார்கள் அல்லவா? தம்மைப் போலவே அவர்களுக்கும் மானம் இருக்கும் என்று நினைத்தது அவர் செய்த தவறு.

விழா நாளில் தெரு நிறைந்துவிட்டது. முன்வரிசையில் அதிகாரிகள். நடுவில் கண்ணாடிக்காரர் குடும்பத்துக்கு நாற்காலிகள். மகள் மட்டும் வரவில்லை. கண் சரியாகத் தெரியாத ஒரு வயதானவர் கூட்டத்தில் இடிபட்டுக் கண்ணாடியை உடைத்துக்கொண்டார். அவருக்கு வில்லை மாட்டிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று, வேலைக்குப் போடும் வெள்ளை மேலங்கியோடு அவள் கடைக்குள்ளேயே இருந்தாள்.

கம்பியில்லாத் திட்டத்துக்கு நாடா வெட்டுவது பொருத்தமில்லை என்று யோசித்து, அடையாளமாக ஒரு கம்பியை வெட்டுவதென்று முடிவு செய்திருந்தார்கள். மேடைக்கு மேலே குறுக்காக ஒரு கம்பி ஓடியது வசதியாகப் போயிற்று. இயக்குநர் ஏணியில் ஏறி, குறடால் அதை வெட்டினார். கம்பிகளின் காலம் முடிந்தது என்றார். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

திரையை இயக்கினார்கள். ஒரு வெள்ளை வட்டம் வந்து சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது.

இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "பாருங்கள், அலை வருகிறது. வந்துகொண்டே இருக்கிறது. வந்து சேர்ந்துவிட்டால் அதில் என்ன பெருமை? எதிர்பார்ப்புதான் ஒரு வளரும் நாட்டின் உண்மையான செல்வம். அந்தச் செல்வத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் பணி." பிறகு முன்வரிசையைப் பார்த்து, என்ன, தெரிகிறதா என்று கேட்டார். தெரியுது, தெரியுது என்றார்கள். நேர்ப்பார்வை அலுவலர் இதைவிடத் தெளிவாகத் தாம் பார்த்ததே இல்லை என்றார். கம்பக் கண்காணிப்புப் பிரிவும் கம்ப நீட்டிப்புப் பிரிவும் எழுந்து நின்று தெரியுது என்றன. துணை அலுவலர் ஒலிவாங்கியைக் கண்ணாடிக்காரர் வாயருகே நீட்டி, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் திட்டம் நிறைவேறிவிடும் என்று காதில் சொன்னார்.

அப்போது கடையின் பழைய தொலைபேசி மணியடித்தது. யாரோ அதன் கம்பியை இழுத்து மேடைவரை கொண்டு வந்து கொடுத்தார்கள். இயக்குநர் ஒலிவாங்கியைத் தொலைபேசி ரிசீவரோடு சேர்த்துப் பிடித்தார். சம்பந்தியின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"சம்பந்தி, ரொம்ப நல்லா தெரியுது. உங்க முகம் அப்படியே எதிர்ல உட்கார்ந்த மாதிரி இருக்கு. பொண்ணு பச்சை நிறத்துல உடுத்தி அம்சமா இருக்கா. எங்களுக்குப் பூரண திருப்தி."

கூட்டம் ஆரவாரித்தது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளிநாட்டிலேயே தெரிகிறது, இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்றார்.

கண்ணாடிக்காரர் கடைக்குள் திரும்பிப் பார்த்தார். மகள் வெள்ளை மேலங்கியில், வில்லையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று தலைமுறைச் சட்டம் அவர் தொண்டைவரை வந்துவிட்டது. என்ன தெரியுது, படிங்க. ஒரே ஒரு கேள்வி. அதைச் சம்பந்தியிடம் கேட்டால் அவர் மானம் ஊர் நடுவே போகும்; மானம் போன மனிதர் சம்பந்தம் செய்வாரா? கேட்காமல் விட்டால் தாத்தாவின் நாற்காலியில் நாளைக்கு யாரை உட்கார வைத்து எந்த முகத்தோடு படிக்கச் சொல்வது? இவரும் ஒரு தெரியுது சொல்லிவிட்டால் எல்லாம் சுபம். மகள் கல்யாணம், ஊரில் பெருமை, இயக்ககத்துக்கு இன்னொரு மாடி. அவர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. வெளிநாட்டுக் கூடத்தில் உறைந்த அதே முகத்தோடு, இந்தத் தடவை எந்தக் கம்பியின் உதவியும் இல்லாமல், மேடையில் நின்றார்.

கடையிலிருந்து மகள் வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ரிசீவரை வாங்கி, "மாமா, வணக்கம். அவர்கிட்ட கொஞ்சம் கொடுக்கிறீங்களா?" என்றாள். அங்கே சிறிது சலசலப்பு. மாப்பிள்ளை வந்தார்.

"உங்களுக்கு என்ன தெரியுது?" என்று கேட்டாள் அவள்.

மாப்பிள்ளையின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. வெள்ளையா ஒரு வட்டம் சுத்துது, அவ்வளவுதான். காலையிலேர்ந்து அதைத்தான் பார்த்துட்டு இருக்கோம். தெரியலைன்னு சொன்னா உங்க அப்பா மனசு நோகுமேன்னு எங்க அப்பா..."

மகள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"தெரியலைன்னு சொல்றார்ப்பா. இவரையே முடிச்சிடுங்க."

கண்ணாடிக்காரரின் மூடிய கண் திறந்தது. முதுகு நிமிர்ந்தது. ஒலிவாங்கியைத் தாமே வாங்கி, தமக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று ஊர் கேட்கச் சொன்னார். அதைச் சொன்னபோது அவருக்கு இருந்த கம்பீரம் வரும் வரும் என்று சொன்ன நாள்களில் ஒன்றிலும் இருந்ததில்லை என்று சலூன்காரர் பிற்பாடு பலரிடம் சொன்னார்.

கல்யாணத்துக்குச் சம்பந்தி கடல் தாண்டி வந்தார். வந்த அன்றே, யாரும் அழைக்காமல், நேராகக் கடைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பலகையை உற்றுப் பார்த்தார். கடைசி வரி தெரியவில்லை என்றார். கண்ணாடிக்காரர் வில்லைப் பெட்டியைத் திறந்தார். நீதிபதி கதையை மட்டும் அன்று அவர் சொல்லவில்லை.

கூரையில் கம்பம் இன்னும் நிற்கிறது. இயக்ககம் தன் ஆண்டறிக்கையில், கம்பியில்லா அலையால் இணைந்த முதல் குடும்பங்கள் என்று இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறதாம். இப்போது கண்ணாடிக்காரரும் மனைவியும் மகளோடு தினமும் திரையில் பேசுகிறார்கள். ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு கம்பி இழுத்துக்கொண்டார்கள். கம்பி இழுக்க வந்த அன்றுதான் ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு விஷயத்தைச் சொன்னார். விழாவில் இயக்குநர் வெட்டிய கம்பி, அவர் கடையிலிருந்து இயக்ககத்துக்குப் போய்க்கொண்டிருந்த இணைப்பாம். வெட்டியது முதல் அங்கே இணையமே கிடையாது. மேலேயிருந்து யாராவது கேட்பார்கள், போய்ச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று அவர் காத்திருக்கிறார்.

இன்றுவரை யாரும் கேட்கவில்லை.